சாமி முழம்

கணக்கு எழுதுகிறவன் விடையிலிருந்துதான் தொடங்குவான். விடை முழு எண்ணாக வர வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்வான். பிறகு அங்கிருந்து பின்னோக்கி நடந்து, ஆட்களையும் கூடைகளையும் நாட்களையும் அதற்குத் தக்கபடி வைத்துக்கொண்டே வருவான். படிக்கிறவன் முன்பக்கத்திலிருந்து வருகிறான். தான் போய்ச் சேரப்போகிற இடம் ஏற்கெனவே தீர்மானமான இடம் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் கணக்கில் சுவை இல்லை.

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி ஐயா. தண்ணீர் வேண்டாம்.

என் பெயர் சகாயம். நேற்று விசாரணையில் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தீர்கள். பகலில் நான் சுரங்கத்து மருந்துக் கிடங்கில் குமாஸ்தா. வெடிமருந்தும் திரிச் சுருளும் என் ஜன்னல் வழியாகத்தான் கீழே போகும். சாயங்காலம் ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் பகல் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வெடியில் ஓர் ஆள் செத்தது வேலு செய்த குற்றம் என்று நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையை நேற்று அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அதில் ஒரு வரி தவறு. நாளை அவனைக் கோலார் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்கு முன் அந்த வரியைத் திருத்த வேண்டும் என்றுதான் வந்தேன்.

என் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். சித்தூரிலிருந்தும் வேலூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த ஆட்கள். உடம்பெல்லாம் கல்தூளோடு வந்து உட்காருவார்கள். தொப்பியில் களிமண் வைத்து ஒட்டிய மெழுகுவத்தியை எடுத்துப் பலகையில் நட்டுவிட்டுச் சிலேட்டைக் கையில் எடுப்பார்கள். நான் ஒவ்வொரு நாளும் பாடத்தை எழுதித் தயார் செய்துகொண்டுதான் போவேன். ஒரு கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்க்காமல் பலகையில் எழுதமாட்டேன். அப்படியும் வீடு திரும்பும்போது சந்தேகம் கூடவே வரும். சரியாகச் சொன்னேனா, அவர்களுக்குப் புரிந்ததா, நான் வாத்தியாராக இருக்கத் தகுந்தவன்தானா என்று. அதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைப்பேன். நாட்குறிப்பை நீங்கள் தேட வேண்டாம். அது முழுக்க என் சந்தேகங்கள். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை; அதனால் இது அதில் இல்லை.

சனிக்கிழமைதோறும் பரிசுக் கணக்கு ஒன்று பலகையில் ஏறும். முதலில் விடை சொல்கிறவன் பெயரைக் கொட்டகை வாசலுக்கு மேலே சாக்கட்டியால் எழுதுவோம். ஒரு வாரம் அது அப்படியே இருக்கும். சுரங்கத்து ஆட்களின் லைன் வீடுகளுக்குப் போகிற பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அறுப்புப் பண்டிகை முடிந்ததும் பக்கத்துப் பாலகாட் சுரங்கத்து வகுப்போடு போட்டி. அவர்கள் கணக்கை நாங்கள் போட வேண்டும், எங்கள் கணக்கை அவர்கள் போட வேண்டும். போன போட்டிக்கான கணக்கை எழுத எனக்கு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. ஒரு குழியை நாலு பேர் பன்னிரண்டு நாளில் தோண்டுவதாகத் தொடங்கும். இடையில் ஆட்கள் மாறுவார்கள், பாறை கடினமாகும், ஷிப்டு நீளும். கடைசியில் நாற்பத்தெட்டுப் பேர் வந்து சேர்வார்கள். விடை ஒன்று. ஒரே ஒரு நாள். அவ்வளவு தூரம் சுற்றி வந்து ஒன்றில் முடிவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாதிரியார் வந்திருந்தார். சுரங்கத்தை மேற்பார்க்கிற காப்டன் துரை வந்திருந்தார். நான் கணக்கை உரக்க வாசித்து முடித்தேன். பாலகாட் ஆட்கள் சிலேட்டில் குனிந்தார்கள். அப்போது எங்கள் பக்கத்திலிருந்தே ஏனோக் எழுந்து நின்றான்.

ஏனோக்கை நீங்கள் துணி மூடித்தான் பார்த்தீர்கள். உயிரோடு இருக்கையில் ஆறடி உயரம். தலைச்சுமையாகக் கல் தூக்கியே தோள் அகன்றவன். சிரித்தால் கொட்டகைத் தகரம் அதிரும். படிக்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஓர் இளக்காரம். தன்னை விட்டால் ஆள் கிடையாது என்ற நினைப்பு.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம்," என்றான்.

"போட்டி நடக்கிறது. உட்கார்."

"இல்ல வாத்தியாரே, அந்தக் குழியில ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு மூச்சு வுட முடியாது. நாப்பத்தெட்டு பேரு எங்க நிப்பாங்கோ? உங்க சட்டைப் பையிலயா?"

முதலில் பாலகாட்காரர்கள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். பாதிரியார் காப்டன் காதில் மொழிபெயர்த்தார். காப்டன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சிலேட்டுகள் அப்படியே கிடந்தன. என் கணக்கை அன்று யாரும் போட்டு முடிக்கவில்லை. இன்றுவரை யாரும் போடவில்லை.

மறுநாள் கிடங்கு ஜன்னலில் திரி வாங்க வந்தவன் ஒருவன் "இன்னா வாத்தியாரே, பையில எத்தினி பேரு கீறாங்க?" என்று கேட்டான். அதன் பிறகு எனக்கு அதுதான் பெயர். சட்டைப்பை வாத்தியார். லைன் வீடுகளின் நடுவே போனால் தண்ணீர்க் குழாயடியிலிருந்து அந்தப் பெயர் வரும். நான் கோபப்பட்டதில்லை. சட்டையில் பையே இல்லாமல் தைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நான் யோசித்தேன். ஏனோக்கிடம் இருந்த குறை என்ன? கணக்கில் சொல்லாததை அவன் கேட்கிறான். ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜில் எட்டுப் பேர் ஏறினால் என்று எழுதினால், "எட்டுன்னு பலகை மாட்டியிருப்பான், பன்னெண்டு பேரு ஏறுவாங்கோ" என்பான். ஒரு கூடைக்கு இவ்வளவு கல் என்றால் கூடை ஓட்டையா என்பான். கணக்கு என்பது கொடுத்ததைக் கொடுத்தபடி ஏற்றுக்கொள்வதில்தான் தொடங்குகிறது. அதை அவனுக்குக் கற்பிப்பது என் கடமை. இதில் நீங்கள் குற்றம் காண முடியாது. எந்த வாத்தியாரும் இதைத்தான் செய்வார்.

அவனுக்குத் தேவையும் இருந்தது. வெடி வைக்கிறவனுக்கான சீட்டு வாங்கக் காப்டன் ஒரு பரீட்சை வைப்பார். அதில் கணக்குத் தாள் உண்டு. வகுப்பு வாத்தியார் கையெழுத்து இல்லாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. சீட்டு இருந்தால்தான் அவனுக்குத் தனி லைன் வீடு. தனி வீடு இருந்தால்தான் ஞானசுந்தரியைக் கட்டிக்கொடுப்பதாக அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். போட்டி நடந்த வாரத்திலேயே வந்து நின்றான்.

"அன்னிக்கி வெளையாட்டுக்குச் சொன்னதுங்க வாத்தியாரே. மனசுல வெச்சிக்காதீங்கோ."

"நான் எதையும் மனசில் வைப்பதில்லை," என்றேன். "கணக்கில் சொல்லாததைக் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொள். கையெழுத்துப் போடுகிறேன்."

கற்றுக்கொண்டான். எளிதாக அல்ல. கேள்வி வாய்வரை வரும். நான் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்ப்பேன். வகுப்பு முழுவதும் காத்திருக்கும். அவன் வாயை மூடிக்கொண்டு சிலேட்டைப் பார்ப்பான். கேட்டுவிட்டால் அன்றைய விடை சரியாக இருந்தாலும் தவறு என்று போடுவேன். முதலில் அவனோடு சேர்ந்து சிரித்தவர்கள் பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனுடைய கூட்டாளி வேலு ஒரு நாள், "இன்னாடா ஏனோக்கு, வாயில பூட்டா? சாவி வாத்தியாரு கையிலயா?" என்றான். ஏனோக் அடிக்கக் கை ஓங்கினான். பிறகு இறக்கிக்கொண்டு கணக்கைப் போட்டான். விடை சரி.

மழை வருவதற்குள் வாசலுக்கு மேலே அவன் பெயர்தான் வாராவாரம் இருந்தது. சீட்டு கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று. ஞானசுந்தரி ஒரு நாள் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க கிட்ட வந்தப்புறம் மனுசனே மாறிட்டாருங்க. முன்னெல்லாம் எது சொன்னாலும் எதிர்க்கேள்வி. இப்போ சொன்னதைக் கேக்குறாரு," என்றாள். என் வேலையைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

அத்துடன் முடிந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் சீட்டு வாங்கிய அன்று கொட்டகையில் எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தான். என்னிடம் வந்தபோது என் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பையே காணோமே வாத்தியாரே, அந்த நாப்பத்தெட்டு பேரும் எங்க போனாங்கோ?" என்றான். அன்பாகத்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வெல்லத்தை வாங்கிக்கொண்டேன்.

இனி திரி விஷயம். பாறையில் ஆறு துளை போட்டு, மருந்து அடைத்து, ஒவ்வொன்றிலும் திரி வைப்பார்கள். மெழுகுவத்தியால் ஒவ்வொன்றாகக் கொளுத்திவிட்டு லெவலில், அதாவது சுரங்கப் பாதையில், நடந்து திருப்பத்துக்கு அந்தப் பக்கம் போய் மறைந்துகொள்ள வேண்டும். முதலில் கொளுத்துகிற திரிதான் முக்கியம். அதுதான் முதலில் வெடிக்கும். மற்றவை படிப்படியாக நீளமாக இருக்கும். எங்களிடம் இருந்த திரி ஒரு நிமிஷத்தில் இரண்டு அடி எரியும். இத்தனை அடி என்று வெட்டிவிட்டு, அதற்கு மேல் இரண்டு முழம் விட்டுவைப்பது இங்கே வழக்கம். அதற்குச் சாமி முழம் என்று பெயர். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் விடுவார்கள், கர்த்தரைக் கும்பிடுகிறவர்களும் விடுவார்கள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. காப்டனுக்கு இது பிடிக்காது. திரி வீணாகிறது என்று மாதாமாதம் சத்தம் போடுவார்.

இந்த வருஷப் பண்டிகைக்கு முன் புதுத் திரி வந்தது. வேறு கம்பெனிச் சரக்கு. தகர டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: இது வேகமாக எரியும், நிமிஷத்துக்கு மூன்று அடி. யார் சொன்னதையும் நம்பும் பழக்கம் எனக்கில்லை. கிடங்குக்குப் பின்னால் ஒரு துண்டைக் கொளுத்திக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். தாளில் எழுதியது சரி. அதை மேஸ்திரிகளுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. சொன்னேன். ஒவ்வொரு கோஷ்டியும் ஜன்னலுக்கு வரும்போது மறக்காமல் சொன்னேன். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏனோக்கின் கோஷ்டிக்கு மட்டும் பழைய சுருளில் மீதி இருந்ததைக் கொடுத்து வந்தேன். அதனால் அவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் அப்போது வரவில்லை.

இங்கேதான் நான் விடையிலிருந்து தொடங்கினேன்.

ஆறு திரிகளையும் கொளுத்த ஒரு நிமிஷம். ஏனோக் வேலை செய்த இடத்திலிருந்து திருப்பத்துக்கு நடக்க இரண்டு நிமிஷம். ஆக மூன்று நிமிஷம். பழைய திரி என்றால் ஆறு அடி. சாமி முழம் இரண்டு, அதாவது மூன்று அடி, சேர்த்தால் ஒன்பது அடி. புதுத் திரியில் அந்த ஒன்பது அடி எரிய எவ்வளவு நேரம் ஆகும்? சரியாக மூன்று நிமிஷம். இதைப் போட்டுப் பார்த்தபோது சிறிது நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவன் காரணம் தெரியாமல் விட்டுவைத்த இரண்டு முழம், நான் யோசித்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு இவ்வளவு கச்சிதமாகக் குறுக்கே நிற்கிறது. அந்த இரண்டு முழம் போக வேண்டும். பலத்தால் போகாது. கணக்கால்தான் போகும்.

அந்தச் சனிக்கிழமைப் பரிசுக் கணக்கு இது. நானே எழுதியவற்றில் இதைவிடச் சிறியது இல்லை:

ஆறு திரிகளைக் கொளுத்த ஒருவனுக்கு ஒரு நிமிஷம் ஆகிறது. மறைவுக்குப் போக இரண்டு நிமிஷம் ஆகிறது. திரி நிமிஷத்துக்கு இரண்டு அடி எரியும். ஒரு விரற்கடை திரியும் வீணாகாமல், முதல் திரி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

காப்டனிடம் முன்பே காட்டியிருந்தேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். இந்த மாதிரிதான் பாடம் நடக்க வேண்டும் என்றார். சரியாகப் போடுகிறவன் இனி அந்த அளவுக்கே வெட்டட்டும், மற்றவர்களும் பார்த்துப் பழகட்டும் என்றார். நான் எழுதாத ஒரு வரியை அவர் வாயாலேயே சொன்னார்.

"ஆறு அடி," என்றான் ஏனோக், நான் சாக்கட்டியைக் கீழே வைக்கும் முன்பே.

பின்வரிசையிலிருந்து வேலு, "சாமி முழம் எங்கடா போச்சு?" என்றான்.

ஏனோக் திரும்பிப் பார்த்தான். "கணக்குல சொன்னாங்களா? சொல்லாதத்தை ஏன்டா கேக்குற?" என்றான். என் குரலிலேயே சொன்னான். கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகத்தான் சொன்னான். அன்றைக்குத்தான், ஐயா, நான் ஒரு வாத்தியார் என்று எனக்கு நிச்சயமாயிற்று. வீட்டுக்குப் போய்ச் சந்தேகம் இல்லாமல் தூங்கினேன்.

திங்கட்கிழமை அவன் கோஷ்டிக்குப் புதுச் சுருளைக் கொடுத்தேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். ஏனோக் அளவு சொன்னான், வேலு கத்தியால் வெட்டினான். வேலு நேற்று அழுதுகொண்டே சொன்னதை நான்தான் உங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். "ரெண்டு முழம் வுடுபான்னு கெஞ்சினேன் தொர. கணக்கு சரியா கீது, பெரிய பரிச்சையெல்லாம் எழுதினவன் நான், நீ வெட்றான்னான்." ஆட்கள் யாரும் வராமல் பார்த்துக்கொள்ள ஏனோக் வேலுவை முன்கூட்டியே திருப்பத்துக்கு அனுப்பிவிட்டான். அதனால் வேலு பிழைத்தான். ஆறு அடி இரண்டு நிமிஷத்தில் எரிந்தது. ஒரு நிமிஷம் கொளுத்தியதில் போயிற்று. மீதி ஒரு நிமிஷத்தில் ஏனோக் பாதி வழி வந்திருப்பான். அவர்கள் அவனை எடுத்ததும் அங்கேதான்.

புதைக்கும்போது நானும் போயிருந்தேன். ஞானசுந்தரி வேலுவைக் கிட்டே வரவிடவில்லை. "அளக்கத் தெரியாதவன் கையில கத்தி எதுக்குடா? இன்னா பாவம் பண்ணாரு உனக்கு?" என்று மண்ணை வாரி அவன்மேல் இறைத்தாள். அவன் அப்படியே நின்றான். என்னைக் கண்டதும் அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லவும் கொஞ்சம் இருக்கிறது. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பலகையில் எழுதிய கணக்கு சரி. டப்பாவின் தாளை நான் கிழிக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுகூட நேற்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி போதும். எந்தத் திரி? பழைய ஏனோக்காக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பான்.

நேற்று வேலு சொன்னதில் ஒரு வாக்கியத்தை நான் உங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. திங்கட்கிழமை அவனும் ஜன்னலில் ஏனோக்குக்குப் பின்னால் நின்றிருந்தான். சுருளைக் கையில் வாங்கிய ஏனோக் அதை உருட்டிப் பார்த்தான். நூல் வெளுப்பாக இருந்தது. விரலால் கீறி முகர்ந்தும் பார்த்தான்.

"இது புச்சா கீதே," என்றான். "கணக்குல சொன்ன திரி இதுதானுங்களா?"

கேட்டான் ஐயா. கேட்கத்தான் செய்தான்.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தேன், வகுப்பில் பார்ப்பது போல. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான். "தப்புதாங்க ஐயா," என்றான். அதுவரை அவன் என்னை ஐயா என்று கூப்பிட்டதில்லை. சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கேஜை நோக்கிப் போனான். நான் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும் தூரம்தான்.

வேலு அப்பாவி. அதை எழுதிக்கொள்ளுங்கள். டப்பா கிடங்கில் மூன்றாவது அடுக்கில் இருக்கிறது, தாள் அதன் மேலேயே இருக்கிறது. மற்ற மேஸ்திரிகள் நான் சொன்னதைச் சொல்வார்கள். அவனை அனுப்புவதும் நிறுத்துவதும் உங்கள் இஷ்டம். அதில் எனக்கு அவசரம் இல்லை.

ஆனால் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. நேற்று அதை மட்டும் நான் இரண்டு தடவை வாசித்தேன். நீங்கள்கூட நிமிர்ந்து பார்த்தீர்கள். இரவு முழுவதும் அந்த வரிதான் கண் முன் நின்றது. ‘மரணத்துக்குக் காரணம் கணக்கில் நேர்ந்த பிழை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பேனாவைக் கொடுங்கள், முதலில் அதை அடித்துவிடுவோம். ஆறு அடி சரியான விடை.